ஒப்புக்கொண்டவனெல்லாம் குற்றவாளியா?

ருஷியாவின் பேரைச் சொன்ன உடனே நம் நாட்டில் இரண்டு கூட்டத்தாருக்கு ஆவேசம் வந்துவிடுகின்றது. ஒரு கூட்டம் வைதீகர் கூட்டம். "கடவுளை ஒழித்த நாட்டில் என்ன நடந்தது பார்த்தீர்களா? நிரபராதிகளை லக்ஷக்கணக்காய்ச் சுட்டுக் கொன்றார்கள். தெய்வ பயம் போனால் மனிதன் மிருகமாகிவிடுவான் என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டுமா?" என்று இவர்கள் கேட்கின்றார்கள். மற்றக் கூட்டம் நம்மவர்களிலேயே சிலர். "சமதர்ம நாட்டில் அநீதி நடந்திருக்கவே முடியாது, நடந்ததாகச் சொல்லுவதெல்லாம் முதலாளிப் பத்திரிகைகளின் புளுகு" என்று இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சாதிக்கின்றார்கள். இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லவேண்டுமென்றே இதை எழுதுகின்றோம்.

ருஷியாவுக்கும் நமது இயக்கத்துக்கும் உள்ள சம்பந்தம் இரகசியமானதல்ல. பொது உடைமை அறிக்கையை 1931-ல் தமிழில் வெளியிட்டது "குடி அரசு". 1932-ல் பெரியார் அந்நாட்டுக்கே சென்று சில மாத காலம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். பிறவியினால் மேல் கீழ் இல்லை, பாடுபடுகிறவன் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்ற கொள்கையை ஒரு தேசமே கைக்கொண்டதைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். அதற்காக இன்றும் நாம் வெட்கப்படவில்லை. ஆனால், பகுத்தறிவுக்காரன் என்று சொல்லிக்கொள்ளுகின்றவன் தனக்குப் பிடித்த இடத்தில் மாத்திரம் பகுத்தறிவை மூட்டை கட்டி வைத்துவிடுவானேயானால் அவனுக்கும் கோவில் பூசாரிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

ஒரு ஆட்சியின் யோக்கியதையை அறிய வேண்டுமானால் தலைநகரத்தில் மேடையேறிப் பேசுகின்றவர்களைப் பார்த்துப் பயனில்லை. எங்கேயோ ஒரு ஜில்லாவில், கதவடைத்த ஒரு அறையில், பிடிபட்ட ஒரு ஏழையின் எதிரில் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றானே, அந்தக் குற்ற விசாரணைக்காரனைப் பார்க்க வேண்டும். அவன் கேட்பது "நடந்தது என்ன?" என்பதா, அல்லது "எப்போது ஒப்புக்கொள்ளுகிறாய்?" என்பதா? இந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் அடங்கியிருக்கின்றது.

ஜார் காலத்து லக்ஷணம்

முதலில் வைதீகர்கள் பெருமூச்சு விடுகின்ற அந்தத் தெய்வ பக்தியுள்ள பழைய ருஷியாவைப் பார்ப்போம். அங்கே 1860-ல் போலீசாரிடமிருந்து விசாரணையைப் பிரித்து, கோர்ட்டைச் சேர்ந்த விசாரணை அதிகாரிகள் என்று தனியாக ஒரு உத்தியோகம் ஏற்படுத்தினார்கள். 1864-ல் ஜூரி முறையும் வந்தது. ஏட்டளவில் நல்ல சீர்திருத்தந்தான். ஆனால் 1911-ல் கீவ் நகரத்தில் ஒரு கிறிஸ்தவச் சிறுவன் கொலையுண்டு கிடந்தபோது என்ன நடந்தது? யூதர்கள் தங்கள் மதச் சடங்குக்காகக் கிறிஸ்தவக் குழந்தைகளின் இரத்தத்தை எடுக்கின்றார்கள் என்ற பழைய மூடப் புளுகை மதவெறியர்கள் கிளப்பினார்கள். செங்கல் சூளையில் வேலை பார்த்த பெய்லிஸ் என்ற யூதரைப் பிடித்துச் சிறையிலிட்டார்கள். இது ஒரு திருட்டுக் கும்பலின் வேலை என்று துப்புக் கண்ட அதிகாரிகளை வேலையிலிருந்து விலக்கினார்கள். புளுகுக்குச் சாஸ்திர ஆதாரம் சொல்ல ஒரு பாதிரியாரையே சாக்ஷிக் கூண்டில் ஏற்றினார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் வாடிய பெய்லிஸ் 1913-ல் ஜூரிகளால் விடுதலையானார். அந்த ஜூரிகளில் பெரும்பாலோர் படிப்பு வாசனை அதிகமில்லாத குடியானவர்கள். அரண்மனைக்கும் மாதா கோவிலுக்கும் இல்லாத புத்தி கலப்பை பிடித்த கைக்கு இருந்தது. கடவுள் பயம் மனிதனை யோக்கியனாக்கும் என்கின்றவர்கள் இந்த வழக்குக்கு என்ன பதில் சொல்லுகின்றார்கள்?

நம் நாட்டு வைதீகர்களுக்கோ இதைப் பற்றி வாய் திறக்கவே யோக்கியதை இல்லை. நெருப்பை எடுக்கச் சொல்லியும், தண்ணீரில் முழுகச் சொல்லியும் உண்மையைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதி வைத்திருப்பதும், பார்ப்பான் எந்தப் பாவம் செய்தாலும் அவனைக் கொல்லக்கூடாது என்று எழுதி வைத்திருப்பதும் இவர்களுடைய மனுதர்மத்தின் எட்டாவது அத்தியாயந்தானே!

புரட்சியும் விசாரணையும்

நிற்க, 1917 நவம்பரில் போல்ஷிவிக்குகள் பதவிக்கு வந்த சில வாரங்களுக்குள்ளாகவே ஒரு சட்டம் போட்டுப் பழைய கோர்ட்டுகளையும், விசாரணை அதிகாரிகளையும், பிராசிக்யூட்டர் இலாகாவையும், வக்கீல் சங்கங்களையும் ஒரேயடியாக ஒழித்தார்கள். பணக்காரனுக்கு ஒரு நியாயம், ஏழைக்கு ஒரு நியாயம் என்றிருந்த முறை ஒழிய வேண்டியதுதான். ஆனால் வீட்டை இடித்தவர்கள் அடுத்தாற்போல் எதைக் கட்டினார்கள் என்பதே கேள்வி. அதே வருஷம் டிசம்பரில் "சேக்கா" என்ற அரசியல் போலீஸ் ஏற்பட்டது. பிடிப்பது, விசாரிப்பது, தண்டிப்பது, சுடுவது ஆகிய நான்கும் அதன் ஒரே கைக்கு வந்து சேர்ந்தன. சாதாரணத் திருட்டு, கொலைகளுக்காக 1918 அக்டோபரில் குற்றப் புலனாய்வு இலாகா ஒன்று தனியாக அமைக்கப்பட்டது. உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த பிறகு, 1922-ல், பிராசிக்யூட்டர் இலாகாவை மறுபடியும் ஏற்படுத்தி, ஜில்லாக்கள்தோறும் "ஜன விசாரணைக்காரர்" என்பவர்களை நியமித்தார்கள்.

இந்த ஜன விசாரணைக்காரர்கள் யார்? பெரும்பாலும் தொழிலாளிகளும் குடியானவர்களுமாக இருந்து உத்தியோகத்துக்கு வந்தவர்கள். சட்டக் கல்லூரியைக் கண்ணால் பார்க்காதவர்கள். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. படித்த ஜாதிதான் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்ற ஆணவத்தை ஒழிக்கப் பாடுபடுகின்ற நாம் அப்படிச் சொல்லவும் மாட்டோம். பெய்லிசை விடுதலை செய்தவர்களும் குடியானவர்கள்தானே! குறை எங்கே இருந்தது என்றால், அவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதில் இருந்தது. முதலில் கோர்ட்டைச் சேர்ந்தவர்களாயிருந்த இவர்களை 1928-ல் முழுவதும் பிராசிக்யூட்டரின் கீழ்க் கொண்டுபோய் வைத்தார்கள். ஒருவனைக் குற்றவாளி என்று வாதிக்க வேண்டியவன் எவனோ, அவனுடைய குமாஸ்தாவே "இவன் குற்றவாளியா, இல்லையா?" என்று விசாரிக்க வேண்டியவன் என்றால் அந்த விசாரணை எப்படி முடியும்? எஜமானுக்குப் பிடித்த முடிவாகத்தானே முடியும்! அந்தப் பிராசிக்யூட்டருக்கு மேலே கட்சியின் மாகாணக் காரியதரிசி. அவரிடமிருந்து டெலிபோனில் ஒரு வார்த்தை வந்தால் கோர்ட்டுத் தீர்ப்பே மாறிவிடும். இதற்கு ருஷிய ஜனங்களே "டெலிபோன் சட்டம்" என்று கேலிப் பேர் வைத்திருந்தார்கள்.

ஆளுக்குக் கணக்கு

1934 டிசம்பர் முதல் தேதி லெனின்கிராடில் கீரோவ் என்ற தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைக்கே ஒரு உத்தரவு பிறந்தது. பயங்கரவாத வழக்குகளில் பத்து நாளைக்குள் விசாரணையை முடிக்க வேண்டும், குற்றப் பத்திரிகையை வழக்குக்கு ஒரு நாள் முன்னால் கொடுத்தால் போதும், வக்கீல் கூடாது, அப்பீல் கூடாது, தீர்ப்பானதும் உடனே சுட வேண்டும் என்பது அந்த உத்தரவு. பத்து நாளில் சாக்ஷியம் தேட முடியுமா? முடியாது. ஆனால் பத்து நாளில் ஒரு மனிதனை அடித்து ஒப்புக்கொள்ள வைக்க முடியும். ஆகவே சாக்ஷியம் போய், ஒப்புதல் வாக்குமூலம் அதன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

பிறகு 1937 ஜூலை 30-ந்தேதி 00447 என்ற நெம்பருள்ள உத்தரவு வந்தது. இதுபோன்ற ஒரு உத்தரவை எந்தப் புராணத்து அரக்கனும் போட்டதாகக் கதையில்லை. இந்த மாகாணத்தில் இத்தனை பேரைச் சுட வேண்டும், இத்தனை பேரை எட்டு முதல் பத்து வருஷம் காவலுக்கு அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே ஜாபிதா போட்டு மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். முதல் ஜாபிதாவில் கண்ட தொகை மொத்தம் 2,68,950 பேர். அதில் சுட வேண்டியவர்கள் 75,950 பேர். பெரும்பாலும் மாகாணப் போலீஸ் தலைவர், கட்சிக் காரியதரிசி, பிராசிக்யூட்டர் ஆகிய மூன்று பேர் அடங்கிய கமிட்டி, பிரதிவாதியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் தீர்ப்பெழுதியது. மாகாண அதிகாரிகள் "எங்களுக்குக் கொடுத்த கணக்குத் தீர்ந்துவிட்டது, இன்னும் கொடுங்கள்" என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு வாங்கினார்கள். 1937, 1938 ஆகிய இரண்டு வருஷங்களில் அரசியல் குற்றத்துக்காகச் சுடப்பட்டவர்கள் 6,81,692 பேர் என்பது சோவியத் சர்க்காரின் சொந்தத் தஸ்தாவேஜில் கண்ட தொகை. முதலாளிப் பத்திரிகையின் புளுகு என்கின்ற தோழர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இந்தக் கணக்கை நிரப்பிய ஜில்லா விசாரணைக்காரனின் வேலை எப்படியிருந்தது என்பதற்கும் சோவியத் தலைவரே சாக்ஷி. 1956 பிப்ரவரியில் குருஷ்சேவ் கட்சி மாநாட்டில் செய்த பிரசங்கத்தில் லெனின்கிராட் போலீஸ் தலைவராயிருந்த ஜாகோவ்ஸ்கியின் வழிமுறையை எடுத்துச் சொன்னார். பிடிபட்ட பழைய கட்சிக்காரர் ஒருவரிடம் ஜாகோவ்ஸ்கி, சதிக் கதையை நீ கற்பனை செய்ய வேண்டியதில்லை, எல்லாவற்றையும் எங்கள் இலாகாவே எழுதித் தயார் செய்து கொடுக்கும், நீ பாடம் பண்ணி ஒப்பித்தால் போதும் என்ற கருத்தில் சொன்னாராம். ரோடோஸ் என்ற மற்றொரு விசாரணைக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "இவர்கள் ஜன விரோதிகள் என்று எனக்குச் சொல்லப்பட்டது; ஆகையால் அவர்களை ஒப்புக்கொள்ளச் செய்வது என் கடமையாயிற்று" என்ற கருத்தில் பதில் சொன்னானாம்.

தோழர்களே! இந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். "சாஸ்திரம் சொல்லிவிட்டது, ஆகையால் இவன் தீண்டத்தகாதவன்" என்று ஒருவன் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? முடிவு முதலில், விசாரணை பிறகு. மேலே இருப்பவர்கள் சொன்னார்கள், கீழே இருப்பவன் நம்பினான். கடவுள் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான் இவன். ஆனால் கடவுள் இருந்த பீடத்தை ஒழிக்காமல் அதில் கட்சியைத் தூக்கி வைத்துக் கும்பிட்டான்.

இந்த இயந்திரம் தன்னை ஓட்டினவர்களையும் விடவில்லை. 1938 நவம்பர் 17-ந்தேதி ஸ்டாலினும் மோலடோவும் கையெழுத்திட்டு ஒரு தீர்மானம் வெளியிட்டு, விசாரணைக்காரர்கள் வாக்குமூலத்தோடு திருப்தியடைந்து வேறு சாக்ஷியம் தேடவில்லை என்று குற்றஞ் சாட்டினார்கள். மூவர் கமிட்டிகளும் எடுக்கப்பட்டன. போலீஸ் மந்திரியாயிருந்த எழோவ் 1940-ல் சுடப்பட்டான். ஆனால் அந்தத் தீர்மானம் வந்த இரண்டு மாதத்துக்குள்ளேயே, 1939 ஜனவரியில், உடல் வதை கட்சியின் அனுமதியோடு நடந்ததுதான், அது இனியும் நடக்கலாம் என்று ஸ்டாலின் மாகாணங்களுக்குத் தந்தி கொடுத்தார். பழி கீழ்நிலை விசாரணைக்காரன் தலையில். தடி மட்டும் மறுபடியும் அவன் கையில்! "ஒரு விசாரணைக்காரரின் குறிப்புகள்" என்று துப்பறியும் கதைகள் எழுதிப் பேர் வாங்கிய லெவ் ஷெய்னின், பிராசிக்யூட்டர் இலாகாவின் விசாரணைப் பகுதிக்கே தலைவராக இருந்தவர். அவரே 1951-ல் கைதியாகி, மேஜைக்கு அந்தப் பக்கத்தில் உட்கார வேண்டி வந்தது.

தடி போயிற்று, கணக்குப் போகவில்லை

ஸ்டாலின் 1953-ல் இறந்த பிறகு நிலைமை சீர்பட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1958-லும் 1960-லும் புதிய சட்டங்கள் வந்தன. வேறு சாக்ஷியங்களால் ஊர்ஜிதமானால் அல்லாமல் வாக்குமூலத்தை மட்டும் கொண்டு குற்றஞ் சாட்டக்கூடாது என்று எழுதினார்கள். 1963 ஏப்ரலில் உள்நாட்டு இலாகாவுக்கும் விசாரணை அதிகாரம் கொடுக்கப்பட்டது. கொலை வழக்குகள் பிராசிக்யூட்டர் இலாகாவின் விசாரணைக்காரர்களிடமே இருந்தன. ஆனால் இரண்டு காரியங்கள் மாறவில்லை. ஒன்று, விசாரணை முடிகின்றவரையில் பொதுவாகப் பிரதிவாதிக்கு வக்கீல் கிடையாது. 1980-களின் கடைசி வரையில் இதே கதிதான். இரண்டாவது, கணக்கு. இத்தனை குற்றம் நடந்தது, இத்தனை துலங்கிவிட்டது என்ற கணக்கைக் கொண்டே ஒவ்வொரு மாகாண அதிகாரிக்கும் மார்க் போட்டார்கள். துலங்காத கொலை ஒன்றிருந்தால் பதவி உயர்வு போயிற்று. கோர்ட்டில் ஒருவன் விடுதலையானால் விசாரணைக்காரனுக்குக் கெட்ட பேர். ஆகையால் விடுதலை என்பதே நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகத் தேய்ந்துவிட்டது. சமதர்ம நாட்டில் குற்றமே குறைந்துகொண்டு வருகின்றது என்பது வேத வாக்கியம். வேத வாக்கியம் பொய்யாகாமலிருக்க வேண்டுமானால் குற்றவாளி கிடைத்தே ஆக வேண்டுமல்லவா?

இதன் பலனை இரண்டு மாகாணங்களில் பார்க்கலாம். ஒன்று பைலோருஷியாவின் வீடெப்ஸ்க். அங்கே 1971 முதல் 1985 வரையில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் மிகாசெவிச் என்ற ஒரே ஆள். ஆனால் விசாரணைக்காரர்கள் ஒவ்வொரு கொலையையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு தனித்தனியாகக் குற்றவாளிகளைக் கண்டுபிடித்தார்கள். பதினான்கு நிரபராதிகள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சுடப்பட்டார். ஒருவர் சிறையில் கண் பார்வையை இழந்தார். எல்லோரையும் "துலக்கின" கெட்டிக்கார விசாரணைக்காரருக்கோ அந்த வட்டாரமெங்கும் புகழ்! உண்மையான கொலைகாரனோ போலீசுக்கு உதவி செய்யும் தொண்டர் படையில் சேர்ந்து கொலைகாரனைத் தேடிக்கொண்டிருந்தான். கடைசியில், இத்தனை கொலைகளும் ஒரே ஆளின் வேலையாக ஏன் இருக்கக்கூடாது என்று கேட்ட இக்னதோவிச் என்ற விசாரணைக்காரரால்தான் காரியம் திரும்பிற்று. கொலைகாரன் எழுதிய மொட்டைக் கடிதத்தின் கையெழுத்தை லக்ஷக்கணக்கானவர்களின் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்து 1985 டிசம்பரில் அவனைப் பிடித்தார்கள்.

மற்றொன்று ரொஸ்தோவ். 1978 டிசம்பரில் ஷாஹ்தி என்ற ஊரில் ஒரு சிறுமி கொலையுண்டாள். முன்பு ஒரு தடவை தண்டனையடைந்த ஒரு வாலிபனைப் பிடித்தார்கள். அந்த நேரத்தில் அவன் வீட்டிலிருந்தான் என்று மனைவியும் அவளுடைய தோழியும் சொன்னார்கள். மிரட்டிய பிறகு அவர்கள் சாக்ஷியத்தை மாற்றிச் சொன்னார்கள். அவனும் ஒப்புக்கொண்டான், பிறகு கோர்ட்டில் மறுத்தான். ஒரு தடவை மரண தண்டனை, பிறகு பதினைந்து வருஷம், பிறகு மறுபடியும் மரண தண்டனை என்று இழுத்தடித்து 1983-ல் அவனைச் சுட்டுவிட்டார்கள். கொன்றவன் சிக்கதீலோ என்ற கட்சி அங்கத்தினன். அந்த ஊர்த் தொழிற்பள்ளியிலேயே வேலை பார்த்தவன். அவன் 1990 வரையில் கொன்றுகொண்டே இருந்தான். நடுவில் 1983-ல் அறிவு வளர்ச்சி குன்றியோர் விடுதியில் வளர்ந்த வாலிபர்கள் சிலரைப் பிடித்து, அவர்களையும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அவர்கள் சிறையிலிருக்கும்போதே மேலும் பிணங்கள் விழுந்தன. அப்போதாவது புத்தி வந்ததா? அவர்களுடைய கூட்டாளிகள் என்று வேறு சிலரைப் பிடித்து அவர்களிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள்!

1984 செப்டம்பரில் சிக்கதீலோவே பிடிபட்டான். பையில் கத்தியும் கயிறும் இருந்தன. ஆனால் அவன் இரத்தம் "ஏ" பிரிவு. கொலையிடத்துத் தடயம் "ஏபி" பிரிவு என்று ஆய்வுக்கூடம் சொல்லியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவன் மேலிருந்த கொலைச் சந்தேகத்தைக் கைவிட்டார்கள். பிறகு சுமார் இருபது உயிர்கள் போயின. அது ஆய்வுக்கூடத்தின் பிழை என்றே இன்று நிபுணர்கள் பலர் கருதுகின்றார்கள். இதில் நமக்கும் ஒரு பாடமுண்டு. விஞ்ஞானத்தின் பேரால் வந்தாலும், திருப்பிச் சோதிக்காமல் நம்பினால் அதுவும் மந்திரமேயாகும். போதாக்குறைக்கு, சமதர்ம நாட்டில் இப்படிப்பட்ட கொலைகாரன் இருப்பதாக வெளியில் தெரியக்கூடாது என்று பத்திரிகைகளின் வாயையும் கட்டினார்கள். குழந்தையை எச்சரிக்கத் தாய்க்கு வழியில்லை. நாட்டின் கௌரவம் காப்பாற்றப்பட்டது, குழந்தைகள் காப்பாற்றப்படவில்லை.

சந்தேகித்தவர்களே பகுத்தறிவாளர்கள்

ஆனாலும் அதே நாட்டில், அதே உத்தியோகத்தில், மனிதர்களும் இருந்தார்கள் என்பதை மறைப்பது நியாயமல்ல. ரொஸ்தோவ் போலீசைச் சேர்ந்த புரக்கோவ் அந்த வாலிபர்களின் வாக்குமூலங்களை நம்ப மறுத்தார். மேலதிகாரிகளுக்குப் பிடிக்காததையும் பொருட்படுத்தாமல் புகானோவ்ஸ்கி என்ற மனநோய் வைத்தியரிடம் போய் யோசனை கேட்டார். 1985-ல் மாஸ்கோவிலிருந்து வந்து வழக்கை ஏற்ற கொஸ்தோயெவ் பழைய கட்டுகளை ஆதியிலிருந்து புரட்டினார். 1990 நவம்பரில் சிக்கதீலோ பிடிபட்டு, வைத்தியர் பேசியபின் ஒப்புக்கொண்டான். அந்த ஒப்புதலைக் கேட்டவுடன் கட்டை மூடிவிட்டார்களா? இல்லை. போலீசாருக்கே தெரியாத பிணங்கள் கிடந்த இடங்களை அவன் காட்டினான், தோண்டிப் பார்த்தார்கள், இருந்தது. அதற்குப் பேர்தான் ருஜு. 1992-ல் 52 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டு, 1994-ல் அவன் சுடப்பட்டான். முன்பு சுடப்பட்ட வாலிபன் நிரபராதி என்று 1991-ல் தீர்ப்பு மாற்றப்பட்டது. தீர்ப்பை மாற்ற முடிந்தது. குண்டை மாற்ற முடியவில்லை.

நல்ல நோக்கம் ஒன்றே போதாது என்பதற்கும் சாக்ஷியுண்டு. 1983 முதல் உஸ்பெக்கிஸ்தானத்தில் பருத்திக் கணக்கு மோசடியையும் பெரிய மனிதர்களின் லஞ்சத்தையும் துருவிய க்த்லியான், இவானோவ் என்ற இரண்டு விசாரணைக்காரர்களை ஜனங்கள் வீரர்களாகக் கொண்டாடினார்கள். மோசடி மெய்தான். ஆனால் அவர்கள் மேலேயே, உறவினர்களைப் பிடித்து வைத்தும் நெருக்கியும் வாக்குமூலம் வாங்கினார்கள் என்ற புகார் எழுந்தது. தண்டனையடைந்தவர்கள் பலர் பின்னர் நிரபராதிகளென விடப்பட்டார்கள். திருடனைப் பிடிக்கத்தானே என்று குறுக்கு வழியில் போனால், கடைசியில் திருடனும் தப்புவான், நிரபராதியும் சாவான்.

ஆகவே வைதீகர்களுக்கு நாம் சொல்லும் பதில் இது: ருஷியாவில் நிரபராதிகள் செத்தது அங்கே கடவுள் இல்லாமற் போனதால் அல்ல. கடவுளிடம் எப்படிக் கேள்வி கேட்கக்கூடாதோ அப்படியே கட்சியிடமும் கேட்கக்கூடாது என்று ஆக்கியதால்தான் செத்தார்கள். உங்கள் வியாதிதான் அங்கே வேறு உடை போட்டுக்கொண்டு வந்தது. நம் தோழர்களுக்குச் சொல்லும் பதிலும் அதுவே. 1991-ல் அந்த ராஜ்யமே கலைந்துவிட்டது. இனி அதற்காகப் பொய் சொல்லி யாருக்கும் லாபமில்லை. சமதர்மம் என்பது பசித்தவனுக்குச் சோறு கொடுப்பது மாத்திரமல்ல. பிடிபட்டவனுக்குக் காது கொடுப்பதும் அதில் சேர்ந்தது.

எந்த ஊரிலாகட்டும், எந்த ஆட்சியிலாகட்டும், "குற்றவாளி ஒப்புக்கொண்டுவிட்டான்" என்று செய்தி வந்தால் உடனே கை தட்டாதீர்கள். எங்கே ஒப்புக்கொண்டான்? யார் முன்னிலையில்? பக்கத்தில் வக்கீல் இருந்தாரா? அவன் சொன்னதில் போலீசாருக்கு முன்னமே தெரியாத விஷயம் ஏதாவது உண்டா? அது சோதித்துப் பார்க்கப்பட்டதா? என்று கேளுங்கள். இன்னும் தெரியவில்லை என்று தைரியமாகச் சொல்லும் விசாரணைக்காரனைத் திட்டாதீர்கள். அவனுக்கு மரியாதை செய்யுங்கள். ஏனென்றால், தெரியாததைத் தெரியும் என்று சொல்லித்தான் புரோகிதனும் பிழைத்தான், அந்த ஜில்லா விசாரணைக்காரனும் பிழைத்தான். செத்தவர்கள் ஏழைகள்.